டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள்

இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு மேசைமேல் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். செல்போன் டார்ச்சை அதற்கு நேர் மேலே பிடியுங்கள். பளபளவென்று ஒரு வட்டம் தெரியும், எழுத்து மங்கலாகத்தான் இருக்கும். இப்போது போனை மெல்லக் கீழே இறக்கி, வெளிச்சம் மேசையைத் தடவிக்கொண்டு பக்கவாட்டில் வரும்படி பிடியுங்கள். எண்ணும் சிங்கத்தூணும் விளிம்புக் கோடுகளும் புடைத்துக்கொண்டு எழும். நாணயம் அதேதான், நிழல்தான் நீண்டிருக்கிறது.

கணக்கு எளியது. கல்லில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டிய எழுத்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளிச்சம் ஏறக்குறைய நேராக, அதாவது 80 பாகையில் விழுந்தால், அந்தப் பள்ளத்தின் விளிம்பு போடும் நிழல் 0.2 மில்லிமீட்டர்கூட வராது. 45 பாகையில் விழுந்தால் ஒரு மில்லிமீட்டர். 10 பாகைக்குச் சாய்த்தால் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர், அதாவது ஓர் அரிசி மணியின் நீளம். பள்ளம் முழுக்க இருட்டு நிரம்பி, எழுத்து மையால் எழுதியதுபோல் தெரியும். இப்படி மேற்பரப்பை உரசிக்கொண்டு வரும் வெளிச்சத்தைச் சாய்வொளி என்று சொல்லிக்கொள்வோம். ஓர் அருங்காட்சியகத்தை உயிரோடு வைத்திருக்கும் தந்திரங்களிலேயே விலை குறைந்தது இதுதான். பெரும்பாலான இடங்களில் மறந்துபோவதும் இதைத்தான்.

இதைச் சொல்ல ஓசூர், கிருஷ்ணகிரியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஏனென்றால் இந்த மாவட்டமும், பக்கத்துத் தருமபுரியும், திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் வட்டாரமும் சேர்ந்ததுதான் தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் பகுதி. ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களோடு சண்டை போட்டு மீட்டவன், புலியைக் குத்திச் செத்தவன், எல்லைச் சண்டையில் விழுந்தவன் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு கல். ஏரிக்கரையிலும் மாந்தோப்பிலும் நெடுஞ்சாலையோரத்திலும் அவை நிற்கின்றன. பல ஊர்களில் அந்தக் கல்லுக்குப் பெயர் வேடியப்பன். எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, பொங்கல் வைக்கிறார்கள். இந்தப் பக்கம் எத்தனை ஆண்களுக்கு வேடியப்பன் என்று பெயர் என்பதை எந்தப் பள்ளி வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலும் தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் கற்களில் சில 1993இல் தொடங்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கும், தருமபுரியில் உள்ள தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. வயலில் சாமியாக நின்ற கல், உள்ளே வந்ததும் காட்சிப்பொருள் ஆகிறது. வயலில் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். உள்ளே யாருக்காக நிற்கிறது? இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறாண்டு காலமாக வளர்ந்துவரும் ஒரு விசித்திரமான அறிவியல் இருக்கிறது. அது ஆராய்வது கல்லை அல்ல, கல்லின் முன் நிற்கும் ஆளை.

முதலில் கால்வலி. 1916இல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலராக இருந்த பெஞ்சமின் கில்மன் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். ஒரு மனிதரை அழைத்து, கண்ணாடிப் பெட்டிகளில் உள்ள பொருள்களைப் பற்றிச் சில கேள்விகளைக் கொடுத்தார். விடை தேட அவர் குனிந்தார், வளைந்தார், முட்டி போட்டார், கழுத்தை நீட்டினார். ஒவ்வொரு கோணத்தையும் கில்மன் படம்பிடித்து வெளியிட்டார். படங்களைப் பார்த்தால் ஒருவர் நாற்று நடுகிறாரா, காட்சி பார்க்கிறாரா என்று சந்தேகம் வரும். இந்த அவஸ்தைக்கு அவர் வைத்த பெயர் ‘அருங்காட்சியகச் சோர்வு’. அதுவரை அலுப்பு பார்வையாளரின் குறை என்று நினைத்திருந்தார்கள். அது பெட்டியின் குறை என்று படம்போட்டுக் காட்டினார் கில்மன்.

பிறகு ஆர்தர் மெல்ட்டன் போன்ற உளவியலாளர்கள் ஓரமாக நின்று, வருகிறவர் எந்தப் பக்கம் திரும்புகிறார், எதன் முன் நிற்கிறார், எத்தனை நொடி என்று குறிக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் அவர்கள் பார்த்த பெரும்பாலோர் உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் திரும்பினார்கள். நமக்கோ கோயில் பழக்கம். வலம் வருவது என்றால் தெய்வம் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். அதற்கு நுழைந்ததும் இடது பக்கம் திரும்பியாக வேண்டும். கோயில் கால் கொண்ட ஊரில் அமெரிக்கக் கணக்கை வைத்துக்கொண்டு முதல் காட்சியை வலது சுவரில் வைத்தால் என்ன ஆகும் என்பது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலருகே நோட்டோடு உட்கார்ந்து எண்ணிப் பார்க்க வேண்டிய சங்கதி. ஒரு பேனாவும் பொறுமையும் போதும்.

நொடிக்கணக்கு இன்னும் சுவாரஸ்யம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உலகப் புகழ்பெற்ற ஓவியங்களின் முன் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று எடுத்த கணக்கு 2001இல் வெளியானது. பார்வையாளர்களில் பாதிப் பேர் ஓர் ஓவியத்துக்குக் கொடுத்த நேரம் 17 நொடிக்கும் குறைவு. திருப்பதியில் ‘ஜருகண்டி’ சொல்லித் தள்ளிவிடுகிறார்கள் என்று குறைப்படுகிறோம். அங்கே யாரும் தள்ளவில்லை, தாமாகவே நகர்ந்தார்கள். பெவர்லி செரல் என்ற ஆய்வாளர் நூற்றுக்கும் மேற்பட்ட கண்காட்சிகளின் தரவுகளைத் திரட்டி 1998இல் சொன்னது இது: பெரும்பாலான கண்காட்சிகளில் மக்கள் செலவிடுவது 20 நிமிடத்துக்கும் குறைவு. மூன்று வருடம் திட்டமிட்டு அமைத்த கூடத்துக்குக் கிடைப்பது, டீக்கடையில் ஒரு டீயும் ஒரு தினத்தந்தியும் முடிகிற நேரம்.

ஆக வடிவமைப்பாளருக்குக் கையில் இருப்பது ஒரு கல்லுக்குப் பதினேழு நொடி. அதற்குள் என்ன சொல்ல முடியும்? நம் ஊர் அருங்காட்சியகங்களில் பொதுவாகக் காணும் விவரப்பலகை இப்படி இருக்கும்: ‘நடுகல். கருங்கல். கி.பி. 7ஆம் நூற்றாண்டு’. மூன்றும் உண்மை. மூன்றையும் படித்த பிறகும் கல் கல்லாகவே நிற்கும்.

இப்போது ஒரு நடுகல் தன்னைப் பற்றித் தானே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த கல் அது. பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு என்று காலம் சொல்கிறது. கருந்தேவகத்தி என்று ஆள் பெயர் சொல்கிறது. தன் எருமைகளைக் காக்கப் போய் இறந்தான் என்று நடந்ததைச் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. அவனுடைய நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்கிறது. நாய்க்குப் பெயர் கோவிவன். வீரனுக்குப் பக்கத்திலேயே நாயின் உருவமும் செதுக்கியிருக்கிறது.

மொத்தக் கல்வெட்டும் இருபத்தைந்து சொற்களைச் சுற்றித்தான். நிதானமாக வாசித்தாலும் பத்துப் பன்னிரண்டு நொடி. காலம், ஆள், சம்பவம், மறக்கவே முடியாத ஒரு விவரம். இன்றைய அருங்காட்சியக எழுத்தாளர்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தரும் இலக்கணம் அத்தனையும் ஏழாம் நூற்றாண்டுக் கல்லில் இருக்கிறது. நாயின் பெயரைச் சொன்ன அந்த மனிதன், அது யாராக இருந்தாலும், தேர்ந்த எழுத்தாளன். நாம் அப்படிப்பட்ட கல்லை உள்ளே கொண்டுவந்து, அதன் பக்கத்தில் ‘கருங்கல்’ என்று எழுதி ஒட்டுகிறோம்.

எழுத்து தெரியாதவருக்கும் அந்தக் கல் வாசல் திறந்தே வைத்திருந்தது. படம் இருக்கிறதே. இந்தப் பகுதியில் பிற்காலத்தில், கன்னட நாட்டுப் பாணியில் எழுந்த அடுக்கு நடுகற்கள் இன்னும் ஒரு படி மேலே. கீழ்த்தட்டில் சண்டை. நடுத்தட்டில் தேவமகளிர் வீரனை இருபுறமும் தாங்கி மேலே அழைத்துப் போகிறார்கள். மேல்தட்டில் அவன் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருக்கிறான். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டிய படக்கதை. தமிழ் தெரிந்தவரும் கன்னடம் தெரிந்தவரும் தெலுங்கு தெரிந்தவரும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளலாம். மூன்று மொழி புழங்கும் எல்லையில் அது தற்செயல் வசதி என்று எனக்குத் தோன்றவில்லை.

மொழி விஷயம் இங்கே சாதாரணமல்ல. ஓசூர் என்ற பெயரே கன்னடத்தில் ‘புதிய ஊர்’. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், தாலுகா அலுவலகத்தில் தமிழ் என்று ஒரே ஆள் ஒரே நாளில் மாறிக்கொள்வார். சிப்காட் தொழிற்பேட்டை வந்தபிறகு இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டன. இத்தனை மொழியிலும் பலகை எழுதினால் சுவர் ரேஷன் கடைத் தகவல் பலகையாகிவிடும். பதினேழு நொடி, தன் மொழி எங்கே என்று தேடுவதிலேயே கரைந்துவிடும். உலகெங்கும் பன்மொழி அருங்காட்சியகங்கள் கண்ட வழி இரண்டு: ஒவ்வொரு மொழிக்கும் எல்லாப் பலகைகளிலும் மாறாத ஓர் இடம், மாறாத ஒரு நிறம். முதல் பலகையில் ஒருமுறை கற்றுக்கொண்ட கண், அடுத்த பலகையில் தானாக அங்கே போய்விடும். பேருந்தின் நிறத்தைப் பார்த்தே தமிழ்நாட்டு வண்டியா கர்நாடக வண்டியா என்று சொல்கிற கண்ணுக்கு இது பெரிய பாடமல்ல.

பிறகு உயரம். நிற்கும் பெரியவருக்காகப் படங்களை மாட்டும்போது, அதன் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டரில் இருக்கும்படி வைப்பது உலக வழக்கம். ஐந்து வயதுக் குழந்தையின் கண் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரத்தில்தான். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் 110லிருந்து 125 சென்டிமீட்டர் வரை. அரை மீட்டர் வித்தியாசத்தில் மூன்று உலகங்கள். பீடம் கட்டி உயர்த்திய நடுகல்லில் குழந்தைக்குத் தெரிவது பீடத்தின் டைல்ஸ். வயலில் அந்தக் கல் தரையில் நின்றது. மூன்றடி, நான்கடி உயரம். பொங்கல் பானைக்கு முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தவரின் கண்ணுக்கு எதிரே வீரனின் முகம். பீடத்தை எடுத்துவிட்டு, எதிரில் ஒரு தாழ்வான பெஞ்சு போட்டால் கில்மனின் கால்வலிக்கும் மருந்து, குழந்தைக்கும் காட்சி.

கல்லின் முன் உட்கார்ந்தாயிற்று. இப்போது வெளிச்சத்துக்குத் திரும்புவோம்.

அருங்காட்சியகத்தில் ஏன் சில அறைகள் சினிமா தியேட்டர் மாதிரி இருட்டாக இருக்கின்றன என்று யோசித்ததுண்டா? வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நண்பகல் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். துணி, காகிதம், தோல்பாவை போன்றவற்றுக்கு அருங்காட்சியகங்கள் அனுமதிப்பது வெறும் 50 லக்ஸ், வெயிலில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. காரணம், சாயத்தை வெளுக்க வைப்பது வெளிச்சத்தின் மொத்தச் சேகரம். அது வங்கிக் கடன் வட்டி மாதிரி கூடிக்கொண்டே போகும், கழியவே கழியாது. ஒரு கூத்து உடையை 50 லக்ஸில், நாளுக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் காட்டினால் சேரும் வெளிச்சம் 1,20,000 லக்ஸ்-மணி. அதே உடையைக் கொடியில் காயப்போட்டால் அந்த அளவு வெளிச்சம் எவ்வளவு நேரத்தில் சேரும் தெரியுமா? ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். வெயிலில் உள்ள புற ஊதாக்கதிரைச் சேர்த்தால் சேதம் இன்னும் அதிகம். மொட்டைமாடியில் ஒரு மதியம், அருங்காட்சியகத்தில் ஒரு வருடத்துக்கு மேல்.

கருங்கல்லுக்கு இந்தக் கடன் கிடையாது. ஆயிரம் வருடம் வெயிலில் நின்றதுதான். ஆகவே அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் விளக்குப் போடலாம். ஆனால் எங்கிருந்து போடுகிறோம் என்பதுதான் விஷயம். கூரையின் நடுவில் ஒரு டியூப்லைட், அதற்கு எதிரே கல் என்றால், முதலில் பார்த்த நாணயக் கதைதான். வட்டெழுத்தை விடுங்கள், வீரன் கையில் இருப்பது வில்லா கத்தியா என்றே தெரியாது. அதே விளக்கைக் கல்லின் பக்கவாட்டில், சுவரோரமாகக் கீழே இறக்கினால் இடையில் செருகிய குறுவாள்வரை எழுந்து வரும்.

கல்வெட்டு படிக்கிறவர்களுக்கு இது பழைய ரகசியம். அவர்களுடைய பழைய கருவி மைப்படி: கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளங்களுக்குள் காகிதத்தை இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். மேடு கறுப்பாகும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். கல்லே தன்னை அச்சடித்துக் கொடுத்துவிடும். இதன் கணினிப் பிறவி 2001இல் வந்தது. எச்.பி. ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் அவருடைய தோழர்களும் கேமராவை ஓர் இடத்தில் அசையாமல் வைத்து, விளக்கை மட்டும் பல திசைகளுக்கு மாற்றிப் பல பத்துப் படங்கள் எடுத்தார்கள். ஒவ்வொரு புள்ளியும் எந்தத் திசை வெளிச்சத்துக்கு எவ்வளவு பிரகாசிக்கிறது என்பதைக் கணினி ஒரு சிறு சமன்பாடாக்கிக்கொள்ளும். அப்புறம் திரையில் மௌஸை நகர்த்தினால் போதும், கண் முன்னே ‘சூரியன்’ நகரும். கல்லைத் தொடவே வேண்டாம்.

2005இல் அதே கருவியை ஏதென்ஸுக்கு எடுத்துப் போய், கடலடியில் கிடைத்த ஆன்டிகிதேரா பொறியின் துருப்பிடித்த துண்டுகளைப் படம்பிடித்தார்கள். இரண்டாயிரம் வருடம் பழைய, பல்சக்கரங்களால் கிரகங்களின் போக்கைக் காட்டிய வெண்கலப் பொறி அது. மங்கிப்போன கிரேக்க எழுத்துகள் மேலெழுந்தன. கைக்கடிகாரச் சக்கரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டும் ஓசூரில் இந்தக் கதைக்குக் காது கொடுக்க ஆள் கிடைக்காமலா போகும்?

எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரில், 1909இல் தொடங்கிய மிதிக் சொசைட்டி நகரைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேனரால் பதிந்து வருகிறது. நம் தொழிற்சாலைகளில் வார்ப்பு சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்கப் பயன்படும் கருவியின் உறவுக்கார இயந்திரம்தான். ஓசூர் சாலையை ஒட்டிய பேகூரில் ‘பெங்களூரு’ என்ற பெயர் வரும் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அதுவும் ஒரு சண்டையில் இறந்தவனின் கதைதான். அந்த வட்டாரத்தில் தமிழ்க் கல்வெட்டுகளும் ஏராளம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் போசள மன்னன் வீர இராமநாதன், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குந்தாணியில் இருந்துகொண்டு இரண்டு பக்கமும் ஆண்டான். அவனுக்கு அத்திப்பள்ளியில் சோதனைச்சாவடி இல்லை.

ஸ்கேன் செய்துவிட்டால் இன்னொரு கதவு திறக்கிறது. அதே அளவில் நகல் எடுக்கலாம், நகலைத் தொட விடலாம். 2015இல் தில்லி தேசிய அருங்காட்சியகம் ‘அனுபவ்’ என்ற கூடத்தைத் திறந்தது. பார்வையற்றவர்கள் கையால் தடவிப் பார்க்கும் நகல் சிற்பங்கள், பக்கத்தில் பிரெய்ல் விளக்கம். பெங்களூர் ஜே.பி. நகரில் இருக்கும் இந்திய இசை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் தட்டி, மீட்டிப் பார்க்கவே பெரிய பெரிய ஒலிக்கருவிகளை நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே ‘தொடாதே’ பலகைக்கு வேலை இல்லை.

விரலை நாம் மிகவும் மட்டமாக எடைபோட்டு வைத்திருக்கிறோம். 2013இல் ஸ்வீடனில் ஒரு சோதனை நடந்தது. வழவழப்பான பரப்பில் மிகச் சிறிய மடிப்புகளை உண்டாக்கி, கண்ணைக் கட்டிவிட்டுத் தடவச் சொன்னார்கள். சுமார் 13 நானோமீட்டர் உயர மடிப்பைக்கூட, மடிப்பில்லாத பரப்பிலிருந்து விரல் பிரித்தறிந்தது. தலைமயிர் ஒன்றின் தடிமனில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு. ஓசூர் லேத் பட்டறைகளில் இது செய்தியே அல்ல. கடைசல் முடிந்த பாகத்தில் பிசிறு இருக்கிறதா என்று மைக்ரோமீட்டரை எடுக்குமுன் விரலை ஓட்டிப் பார்ப்பதுதான் அங்கே வழக்கம். இப்படிப்பட்ட விரல்கள் பல்லாயிரம் உள்ள ஊரில் எல்லாவற்றையும் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பது, நல்ல சமையல்காரரை அழைத்துச் சாப்பாட்டின் புகைப்படம் காட்டுவது மாதிரி.

இந்த இடத்தில் எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நடுகல் நகல், அதைச் சுற்றி அரைவட்டமாக ஒரு தண்டவாளம், அதில் நகரும் ஒரு சின்ன விளக்கு, ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். குழந்தை கைப்பிடியைப் பிடித்து இழுக்கும். நேரே இருக்கும்போது வெறும் கல், ஓரத்துக்கு வரவர வீரன், வில், நாய், எழுத்து. 1969இல் சான்பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியத்தைத் தொடங்கிய இயற்பியலாளர் ஃப்ராங்க் ஓப்பன்ஹைமரின் சூத்திரம் இதுதான்: பார்வையாளர் கையில் ஒரு விஷயத்தை மாற்றும் உரிமையைக் கொடு, இயற்கை பதில் சொல்லட்டும். அங்கே காட்சிப்பொருள்கள் செய்யும் பட்டறையையே பார்வையாளர் கண்ணெதிரே வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்டவாள விளக்கைச் செய்ய ஓசூரில் எந்தப் பட்டறைக்கும் ஒரு நாள் போதும்.

இதையெல்லாம் செய்தாலும் ஆள் வரவேண்டுமே? சென்னையில் நம் தாத்தா பாட்டிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் விலங்குக் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொன்னார்கள். இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வளாகத்தில் இருந்தவை என்பது பலருக்குத் தெரியாது. 1851இல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோர் ஒரு மருத்துவர். உயிருள்ள விலங்கு இருந்தால் கூட்டம் தானாக வருகிறது என்பதைக் கண்டுகொண்டு, கர்நாடக நவாபிடம் இருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கி, 1855இல் அங்கேயே ஒரு காட்சிசாலையை அமைத்தார். புலியைப் பார்க்க வந்தவர்கள் அப்படியே பக்கத்துக் கூடத்துக் கல்லையும் பார்த்துவிட்டுப் போனார்கள். பின்னாளில் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், ஜனங்கள் இதை ஒரு தமாஷா வீடாகத்தான் நினைக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டார். எனக்குப் பால்ஃபோர் கட்சிதான் பிடிக்கிறது. தமாஷாவுக்கு வந்தவரை வைத்துக்கொள்ளத் தெரிவதுதான் வித்தை.

கிருஷ்ணகிரியில் அருங்காட்சியகத்துக்குப் போட்டி இன்னோர் அருங்காட்சியகம் அல்ல. கே.ஆர்.பி. அணைப் பூங்காவும் அங்கே வறுக்கும் மீனும்தான். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்ற கேள்வியில் மீன் வாசனைக்கு எதிரே ‘கருங்கல், கி.பி. 7’ நிற்க முடியாது. கோவிவன் என்ற நாய் கொஞ்சம் நின்று பார்க்கும்.

இன்னொரு ஆயுதமும் இந்த மாவட்டத்திடம் இருக்கிறது: இரும்பு. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2021இல் அகழாய்வு செய்தது. இரும்புப் பொருள்கள் கிடைத்த அடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 4,200 வருடம். இந்த எண்ணைப் பலகையில் எழுதினால் யாருக்கும் எதுவும் ஆகாது. மனித மூளை நூறு தாண்டினால் எல்லாவற்றையும் ‘ரொம்ப’ என்று ஒரே பையில் போட்டுவிடும். ஆனால் கால் அப்படிச் செய்யாது.

அருங்காட்சியக வாசலிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். ஒரு எட்டுக்குப் பத்து வருடம் பின்னோக்கி. நான்காவது எட்டில் ஓசூரின் டைட்டன் கடிகார ஆலை. ஐந்தில் சிப்காட். பதினைந்து எட்டு வைக்குமுன் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறக்கிறார். இருபத்து நான்கு எட்டுக்குள் ஓசூர் கோட்டையும் இராயக்கோட்டையும் திப்புவின் கையைவிட்டுப் போகின்றன. எழுபத்தைந்துக்குப் பக்கத்தில் குந்தாணியில் வீர இராமநாதன். நூற்று நாற்பதில் கோவிவன் குரைக்கிறது. அதற்கு மேல் பெயர் சொல்ல ஆளில்லை. வழியில் எங்கோ மல்லச்சந்திரம் குன்றில் பலகைக் கற்களால் பெட்டி பெட்டியாகக் கட்டிய கல்திட்டைகள், பெயரில்லாதவர்களின் ஈமச்சின்னங்கள். இன்னும் நடக்க வேண்டும். நானூற்று இருபதாவது எட்டில், வாசலிலிருந்து 300 மீட்டருக்கும் சற்று அப்பால், மயிலாடும்பாறை. அவ்வளவு தூரம் நடந்தவரின் கெண்டைக்கால் அந்த எண்ணை மறக்காது. கில்மன் பார்த்தால் சண்டைக்கு வருவார், வழியில் இரண்டு பெஞ்சு போட்டுவிடலாம்.

முடிவில் ஒரு சின்ன இரும்புத் துண்டு. சுத்த இரும்பு உருக 1,538 பாகை செல்சியஸ் வேண்டும். பழைய மண் உலை அதை எட்டாது, 1,200 பாகை என்றாலே அதிகம். உருக்காமலேயே இரும்பு எடுத்தார்கள். கரியிலிருந்து எழும் வாயு கனிமத்தின் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான இரும்புக் கட்டி மிஞ்சும். அதைச் சூட்டோடு அடித்து அடித்துக் கசடை வெளியேற்ற வேண்டும். இதை விளக்க வெளியூரிலிருந்து நிபுணர் வரவேண்டியதில்லை. வார்ப்பாலையில் இருபது வருடம் நின்றவர் அந்தத் துண்டைப் பார்த்ததும் அதில் கசடு எங்கே, காற்றுக்குமிழி எங்கே என்று காட்டுவார். அருங்காட்சியகத்துக்கு வராதவர் என்று நாம் பட்டியல் போட்டு வைத்திருக்கும் ஆள்தான் அவர். அவரைப் பார்வையாளராக அழைக்காமல், விளக்கம் சொல்ல ஒரு மணி நேரம் அழைத்துப் பாருங்கள், குடும்பத்தோடு வருவார்.

வயலில் இருக்கும் கற்களைப் பற்றி ஒரு குறிப்பு. சாய்வொளிக்கு அங்கே கட்டணம் இல்லை, நேரம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். கல் வடக்கு பார்த்து நின்றால் கோடையிலும், தெற்கு பார்த்து நின்றால் குளிர்காலத்திலும், பொழுது சாயும் நேரம் வெயில் அதன் முகத்தைப் பக்கவாட்டில் உரசும். கிழக்கு பார்த்து நின்றால் சாயங்காலம் போய்ப் பயனில்லை, கல்லின் முகம் நிழலில் இருக்கும். அதற்கு உச்சிவேளைக்கு முன்னால் போக வேண்டும். செங்குத்துக் கல்லின் மேல் சூரியன் தலைக்கு மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும். சூரியன் 10 பாகை நகர எடுத்துக்கொள்வது 40 நிமிடம். கிருஷ்ணகிரியில் உச்சிவேளை கடிகாரப்படி பன்னிரண்டேகாலை ஒட்டி வருகிறது. ஆகவே பதினொன்றரைக்கெல்லாம் கல்லின் முன் இருங்கள். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பூசியிருந்தால் துடைக்க வேண்டாம், எழுத்து அதையும் மீறித் தெரியும்.